வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளைக்கு என்ன செய்யலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ, குழந்தைக்குத் திட்டமிடும் தங்கைகளே, முதலில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை: தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்துச் சுமார் 28 நாளுக்குள் மூடிவிடும், பலருக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே தெரிந்திருக்காது. 2003 முதல் இந்த நாட்டில் மக்காச்சோள மாவிலும் கோதுமை மாவிலும் ஃபோலிக் ஆசிடைச் சேர்க்கிறார்கள், சரி, ஆனால் சோறே பிரதானமான வீட்டில் அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

அயோடின் உப்பு வாங்குங்கள். மது ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அப்புறம் எனக்குப் பிடித்த கட்டம். மூளையின் நடுவில் புலன் செய்திகளைக் கடத்தும் தலாமஸிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள், மூளையின் வெளி அடுக்கான புறணிக்குள் உடனே போகாமல், அதன் அடியிலுள்ள ஒரு தற்காலிக அடுக்கில் பல வாரம் காத்திருந்து, கர்ப்பத்தின் சுமார் 24ஆம் வாரத்தில்தான் உள்ளே நுழையத் தொடங்குகின்றன. ஏறக்குறைய அதே சமயத்தில் காதும் கேட்க ஆரம்பிக்கும். அதனால் பேசுங்கள், ஆயாவைத் தாலாட்டுப் பாடச் சொல்லுங்கள். வயிற்றில் ஹெட்போன் வைக்கவே வேண்டாம், அம்மா குரல் உடம்பு வழியாகவே போய்விடும்.

அசைவு குறைந்ததாகத் தோன்றினால் காலை வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.