பழைய கார் வாங்கப் போகிறீர்களா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

"பத்து வருஷம் ஆன டீசல் வண்டியைப் பிடிச்சுடுவாங்களாமே அண்ணே, பெட்ரோலே பார்த்துடலாமா?" பழைய கார் தேடுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற அந்தக் கெடு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்துக்கும் உரியது. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2025இல் அதைத் தளர்த்தியது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதில் பங்கில்லை. இங்கே சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். ஆனால் 2022 ஏப்ரலில் இருந்து அந்தப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய். ஆகவே 13 வயது வண்டியை "சீப்பா கிடைச்சுது" என்று வாங்கினால், இரண்டு வருடத்தில் அந்தச் செலவும், தகுதிச் சோதனைக்கு வண்டியைத் தேற்றும் செலவும் உங்கள் தலையில்தான்.

இல்லாத சட்டத்துக்குப் பயப்படுவதில் ஒரு தீமை உண்டு. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். டீசலா பெட்ரோலா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் தினமும் போகும் பாதை.

சொந்தக் கதை ஒன்று. வீட்டிலிருந்து ஆபீஸ் நான்கு கிலோமீட்டர். மைலேஜ் ஆசையில் ஒரு டீசல் வண்டி வாங்கினேன். இன்ஜின் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். ஒன்றரை வருடத்தில், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு கரியால் அடைத்து, வண்டி மேம்பாலம் ஏறவே மூச்சு வாங்கியது. மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது தார் டின்னுக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது. குறை வண்டியில் இல்லை, நான் ஓட்டிய விதத்தில்தான்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். டீசல் லிட்டர் 92 ரூபாய், லிட்டருக்கு 20 கிலோமீட்டர். பெட்ரோல் 101 ரூபாய், 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டீசலில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் மிச்சம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்ப் போட்டால் இரண்டுமே இன்னும் கொஞ்சம் குறையும், அது வேறு. கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் ஆயிரம் ரூபாய். ஒரு டர்போவோ இரண்டு இன்ஜெக்டரோ போனால் பல வருட மிச்சம் ஒரே பில்லில் கரைந்துவிடும். வாரா வாரம் சென்னை போய் வருபவர், நெய்வேலிக்கு தினமும் ஓட்டுபவர் என்றால் டீசல் இன்றும் சரியான வண்டிதான்.

சரி, டீசல்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த தவறு, "எவ்வளவு புதுசோ அவ்வளவு நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு பிஎஸ் 6 டீசலை எடுப்பது. பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த கட்டுப்பாட்டு நிலை. பிஎஸ் 4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில், பிஎஸ் 6 வந்தது 2020 ஏப்ரலில். பிஎஸ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பியதும், சேர்ந்த கரியை வண்டியே சூடேற்றி எரித்துவிடும். அதற்கு ஒரே சீரான வேகத்தில், அறுபதுக்கு மேல், கால் மணி நேரமாவது ஓட்டம் வேண்டும். நேரு வீதியில் இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து, வண்டியை நிறுத்தி, காய்கறி வாங்கித் திரும்பினால் அது நடக்காது. எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலோடு போய்க் கலக்கும். வாங்கப் போகும் வண்டியில், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், "புதுசா ஆயில் மாத்தினோம் சார்" என்பதை உடனே நம்ப வேண்டாம். முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கிறதா என்று.

அடைத்த வடிகட்டியை மாற்றினால் பெரும் செலவு என்பதால் சிலர் உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் அதை மறைத்தும் விடுகிறார்கள். இது சட்டத்துக்கு விரோதம், பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடையுங்கள். நல்ல பிஎஸ் 6 டீசலில் விரல் அநேகமாகச் சுத்தமாகவே வரும். மை பூசியது போல வந்தால், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அடுத்து, சாவியைப் போட்டதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், மஞ்சள் இன்ஜின் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். வண்டி பார்க்கப் போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். பழைய டீசலின் குறை குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும் என்பது விற்பவருக்கும் தெரியும்.

"புகைச் சான்று இருக்கே" என்பது இன்னொரு பொய்யான ஆறுதல். அந்தச் சீட்டு அன்றைக்கு அந்த நிமிடத்தில் வந்த புகையைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் பாகங்களுக்கு அது ஜாதகம் கிடையாது. ஆனால் சீட்டு இல்லாமல் ஓட்டினால் அபராதம் 10,000 வரை போகும், அதனால் கையில் வைத்திருங்கள்.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்க வைப்பது ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1.3 டீசலில் டைமிங் செயின். டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட். பெல்ட் வண்டி என்றால் மாற்றிய பில்லைக் கேளுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டது, ஃபோர்டு 2021இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே வண்டி நல்லதா என்பதோடு, நம் ஊரில் அதன் கைப்பக்குவம் தெரிந்த மெக்கானிக் யார், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதையும் விசாரித்துவிட்டே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

பெட்ரோலிலும் கண்ணை மூட முடியாது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதற்குத் தோதான பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் சீக்கிரம் கெடலாம். 2012 மாடலை வாங்கினால் எரிபொருள் குழாய்களைப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் தனியாகச் சொல்லுங்கள். கேஸ் கிட் மாட்டிய வண்டி என்றால் ஆர்சியில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் விபத்து நாளில் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

இனி நம் ஊருக்கே உரிய தவறு. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே பதிவான பிஒய் 01 வண்டி மலிவாகத் தெரியும். "கடலூர் டிஎன் 31லயும் இதே மாடல்தான், ஒரு லட்சம் அதிகம் கேக்கிறாங்க" என்று மனசு அலைபாயும். கடலூரில் குடியிருப்பவர் அதை 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதற்கு அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, இங்கே வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் புதுக் காருக்கு அந்த வரி விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை; பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். இதைக் கூட்டிப் பார்த்த பிறகும் மலிவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். டெல்லியில் காலாவதி பயத்தில் விற்று லாரியில் இங்கே வரும் வண்டிகளுக்கும் இதே கணக்குதான், கூடவே அங்கே பாக்கியிருக்கும் சலான்களும். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, பிஎஸ் எத்தனை என்பதெல்லாம் தெரிந்துவிடும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கிளைம் வாங்காததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளைம் போனஸ் தள்ளுபடி உங்களுக்கு வராது.

கடைசியாகத் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூரிலும் ஊருக்குள் வந்தது. அப்போது மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் தடவிப் பாருங்கள், கையில் மணல் நெருடுகிறதா என்று. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தில் துரு, ஏசி போட்டதும் பழைய கோணி வாடை, இரண்டும் சேர்ந்தால் அந்த வண்டி வேண்டாம். வெள்ளத்தில் மாட்டாத வண்டியாக இருந்தாலும், கடற்கரை ஓரம் தெருவிலேயே நின்ற கார் என்றால் உப்புக்காற்று அடியில் வேலை காட்டியிருக்கும். லிஃப்ட்டில் ஏற்றி பிரேக் குழாய், லோயர் ஆர்ம், சைலன்சர் பிடிப்பு மூன்றையும் பார்க்க மெக்கானிக் சில நூறு ரூபாய் கேட்பார். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.