பிள்ளை தவழேல்லை எண்டு பயப்பிட முதல், நிலத்தில விடுறீங்களா எண்டு பாருங்க

எங்கட மூத்தவள் பிறந்தது ஆவணியில. அவள் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பழகவேண்டிய மாசமெல்லாம் திருகோணமலையில மாரி, வெளியில விடாத மழை, உள்ள சீமெந்து நிலம் குளிர்ந்து கிடக்கும், "கீழ விடாத, சளி பிடிச்சிரும்" எண்டு அம்மா மடியில கொஞ்சம் மாமி தோளில கொஞ்சம், மிச்ச நேரம் ஏணையில. எல்லாரும் பாசத்திலதான் செய்தாங்க. ஒன்பதாம் மாசமாகியும் பிள்ளை வச்ச இடத்திலயே இருந்தாள், நான் இரவிரவா போனில தேடிப் பயந்து போயிருந்தன். கிளினிக்கில மிட்வைஃப் மிஸ் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிலத்தில இருக்கு?" கூட்டிப் பாத்தா கால் மணித்தியாலமும் வரேல்லை.

கன வீடுகளில நடக்கிற முதல் பிழை இதுதான். தவழுறதுக்குக் கழுத்து, தோள், முதுகு, கை எல்லாத்துக்கும் பலம் வேணும், அது மடியில இருந்து வராது, குப்புறக் கிடந்து நிலத்தை உந்தி உந்தித்தான் வரும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019ல சொன்னது, ஒரு வயசுக்குள்ள இன்னும் நகரத் தொடங்காத பிள்ளைய முழிச்சிருக்கிற நேரத்தில நாளைக்குக் குறைஞ்சது 30 நிமிசம் குப்புறப் போடச் சொல்லி. ஒரே அடியா 30 நிமிசம் இல்ல, பிரிச்சுப் பிரிச்சு. சின்னதில ரெண்டு மூண்டு நிமிசம் போதும், உங்கட நெஞ்சில குப்புறப் போட்டு வச்சிருந்தாலும் அது கணக்குத்தான். பால் குடிச்ச கையோட போடாதீங்க, கக்கிரும். நித்திரை எண்டா மட்டும் எப்பவும் மல்லாக்கத்தான், குப்புறப் போடுறது பிள்ளை முழிச்சிருந்து நீங்களும் பக்கத்தில இருக்கிற நேரத்துக்கு மட்டும்.

குளிருக்குப் பயமெண்டா ஒரு பன்பாய் விரிச்சுவிடுங்க, அது போதும். மெத்தையில விட்டுப் பழக்கிறவங்களும் இருக்கிறாங்க, அது சரிவராது, கை புதையும், உந்தேக்க பிடி கிடைக்காது, அதோட கட்டிலில இருந்து விழுற பயம் வேற.

அடுத்தது, குப்புறப் போட்ட உடன பிள்ளை சிணுங்கும், உடன தூக்கிருவம். நானும் அப்பிடித்தான் செய்தன். பிறகு நானும் பாயில குப்புறப் படுத்து அவளிட முகத்துக்கு நேர என்ர முகத்தை வச்சுக் கதைக்கத் தொடங்கினன், முதல் நாள் ஒரு நிமிசம், ஒரு கிழமையில அஞ்சு நிமிசம் எண்டு கூடிக்கொண்டு போச்சு. உண்மையாவே கஷ்டப்பட்டு அழுதா தூக்குங்க, அதில ஒரு பிழையும் இல்ல, ஆனா சிணுங்கலுக்கும் அழுகைக்கும் வித்தியாசம் தாய்க்குத் தெரியும்தானே.

பிள்ளைத்தமிழில செங்கீரைப் பருவம் எண்டு ஒண்டு வருமே, ஒரு கால மடக்கி மற்றதை நீட்டி ரெண்டு கையையும் நிலத்தில ஊண்டித் தலையை நிமித்தி ஆடுறது. ஐஞ்சாம் மாசத்துக்கு எண்டு பாடிவச்ச அந்த ஆட்டம் தவழுறதுக்கு முன்னால வாற அசைவுதான். பிள்ளை கையையும் முழங்காலையும் ஊண்டி முன்னுக்கும் பின்னுக்கும் ஆடத் தொடங்கினா சந்தோசப்படுங்க, "ஆடுதே ஒழிய போகுதில்லையே" எண்டு பின்னால பிடிச்சுத் தள்ளாதீங்க. சில பிள்ளையள் முதல் பின்னுக்குத்தான் போகும், கால விடக் கைப்பலம் கூட, அதால உந்தினா உடம்பு பின்னால போகுது. எங்கடவள் ரெண்டு கிழமை பின்னுக்குப் போய்ப் போய் அலுமாரிக்குக் கீழ மாட்டிக்கொண்டு கத்துவாள்.

வோக்கர் விசயத்தை நான் கொஞ்சம் கடுமையாவே சொல்லுறன், வாங்காதீங்க. வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் ஆசையா அனுப்பினாலும் எடுத்து வைங்க. அதில பிள்ளை தொங்கிக்கொண்டு கால் நுனியால தள்ளுது, உடம்பைத் தானே தாங்கிற வேலையே இல்ல, தன்ர கால் என்ன செய்யுது எண்டு குனிஞ்சு பாக்கவும் ஏலாது. நடக்கப் பழக்குது எண்டு நினைக்கிறம், ஆனா நிலத்தில கிடந்து பழகவேண்டிய நேரத்தை அது சாப்பிட்டிடுது. ஒரு செக்கனுக்குள்ள மூண்டு அடிக்கு மேல ஓடும், எங்கட வீடுகளில குசினிக்கும் விறாந்தைக்கும் இடையில படி இருக்கும், சுடுதண்ணி இருக்கும், ஓடிப்போய்ப் பிடிக்க நேரம் வராது. கனடாவில 2004ல இருந்து இத விக்கவே ஏலாது.

தலகாணி சுத்தி அணைச்சு மணித்தியாலக் கணக்கா இருத்தி வைக்கிறதும், கையைப் பிடிச்சு நிப்பாட்டி "நட நட" எண்டுறதும் இதே மாதிரித்தான், சுத்திவர எல்லாச் சாமானும் கைக்கெட்டினா பிள்ளை ஏன் நகரப் போகுது? ஒரு சில்வர் கோப்பையோ கரண்டியோ, பிள்ளைக்கு விருப்பமான ஒண்டை ஒரு சாண் தூரத்தில வைங்க. மூண்டு அடி தள்ளி வச்சா அலுத்துப்போய் விட்டிரும், எட்டி எட்டி ஒருக்கா எடுக்க விட்டாத்தான் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் போகும். டைல்ஸ் நிலமெண்டா சொக்ஸைக் கழட்டுங்க, முழங்காலும் பெருவிரலும் வெறுமையா நிலத்தில பட்டாத்தான் சறுக்காது. நீட்டுச் சட்டையும் வேண்டாம், முழங்காலுக்குக் கீழ மாட்டி முகம் அடிபட விழும்.

ஒப்பிடுறதைப் பற்றிச் சொல்லாம விட ஏலாது. பிள்ளைக்குப் பல்லு முளைக்கேக்க செய்யிற பல்லுக்கொழுக்கட்டைக்கு வந்த எல்லாரும், பரப்பி வச்ச சாமானில பிள்ளை எதை எடுக்குது எண்டு பாக்கிறதை விட்டிட்டு "இன்னும் தவழேல்லையா, எங்கடவன் ஆறு மாசத்தில வீடு முழுக்க" எண்டுதான் கேட்டாங்க. உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா எண்டு அஞ்சு நாட்டுப் பிள்ளையளைப் பாத்து 2006ல எழுதினதில, முழங்காலும் கையும் ஊண்டித் தவழுறது 5 மாசத்தில இருந்து 13 மாசம் தாண்டியும் வந்திருக்கு. நூறுக்கு நாலு பிள்ளை போல அப்பிடித் தவழவே இல்ல. சிலது வயித்தால ஊரும், சிலது இருந்தபடி அரக்கி அரக்கிப் போகும், எல்லாம் நகர்வுதான். மாசம் நிறைய முதல் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நாளில இருந்து எண்ணாம பிறந்திருக்க வேண்டிய திகதியில இருந்து எண்ணுங்க.

நகரத் தொடங்கின பிறகு பாக்கிறதுக்கு, நீங்களே ஒருக்கா நாலு கால்ல வீட்டைச் சுத்துங்க. கட்டிலுக்குக் கீழ நுளம்புக் கொயில், சோடாப் போத்தலில ஊத்தி வச்ச மண்ணெண்ணெய், அம்மம்மாட குளிசை, ரிமோட்டில இருந்து கழண்ட பட்டன் பற்றரி, கிணத்தடியில தண்ணி நிரம்பின வாளி, எல்லாம் அந்த உயரத்திலதான் கண்ணுக்குப் படும். வாளியில கொஞ்சத் தண்ணி எண்டாலும் கவிழ்த்து வைங்க. கச்சான் காத்துக் காலத்தில வீட்டுக்குள்ள மண் அள்ளிக் கொட்டும், காலையும் பின்னேரமும் கூட்டினாப் போதும், அதுக்காகத் திரும்பவும் தூக்கி வச்சிருக்க வேண்டாம்.

ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பாவிச்சு மற்றதை இழுத்துக்கொண்டு போனா, உடம்பு விறைச்சோ துவண்டோ இருந்தா, முந்திச் செய்ததை இப்ப செய்யாம விட்டா, ஒரு வயசு ஆகியும் எந்த விதத்திலயும் நகரேல்லை எண்டா, பிள்ளையிட பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு டொக்டரிட்ட போங்க, அடுத்த கிளினிக் திகதி வரட்டும் எண்டு இருக்காதீங்க.