விற்கும் பழைய பொருளைத் திருட்டுப் பொருள் என்று ஒருவர் சொன்னால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பழைய பொருள்கள் கைமாறுவது அன்றாட நிகழ்ச்சி. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபோகிறவர்கள் புல் வெட்டும் மெஷினையும் மருந்தடிக்கும் பம்பையும் தெரிந்தவரிடம் விற்றுவிட்டுப் போவார்கள். அவர் சில காலம் பயன்படுத்திவிட்டு இன்னொருவருக்கு விற்பார். ரசீது யாரிடமும் இருக்காது. அப்படி வந்த பொருளை நீங்கள் விற்பனைக்கு வைத்திருக்கும்போது, ஒருவர் வந்து "இது என்னுடையது, என் வீட்டிலிருந்து திருடுபோனது" என்று சொன்னால், முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்வதும் சொல்வதும்தான் பின்னால் உங்களைக் காக்கும், அல்லது சிக்கலில் மாட்டிவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தண்டனைச் சட்டத்தின் 411ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்துடன் அதைப் பெறுவது மட்டுமன்றித் தொடர்ந்து வைத்திருப்பதும் குற்றமாகும். அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பொருள் மோட்டார் வாகனமாகவோ அதன் பாகமாகவோ இருந்தால் குறைந்தது 6 மாதச் சிறை உண்டு. நேற்று வரை ஒன்றும் அறியாமல் நல்ல எண்ணத்தோடு வைத்திருந்தவர் குற்றவாளி அல்லர். ஆனால், உரியவர் வந்து ஆதாரத்தோடு சொன்ன பிறகும் அவசர அவசரமாக வேறொருவருக்குத் தள்ளிவிடுகிறவர், "எனக்குத் தெரியாது" என்று இனிச் சொல்ல முடியாது. ஆகவே, புகார் காதில் விழுந்தவுடன் விற்பனையை நிறுத்திவிடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் காரணத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பொருளைக் கழுவுவதோ, சாயம் அடிப்பதோ, பாகங்களைக் கழற்றுவதோ கூடாது. அது இருந்த நிலையிலேயே இருக்கட்டும்.

அதே வேளையில், கேட்டவரிடம் பொருளை உடனே தூக்கிக் கொடுத்துவிடுவதும் தவறு. அவர் உண்மையான உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம். விற்பனைக்கு வைத்த பொருளைக் காசு கொடுக்காமல் பறித்துக்கொள்ள இப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவரிடம் கொடுத்த பிறகு வேறொருவர் உரிமையோடு வந்தால், உங்கள் கையில் பொருளும் இருக்காது, பதிலும் இருக்காது. பெரியவராக இருந்தால் மரியாதையாக இப்படிச் சொல்லலாம்: "அண்ணே, நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். இனி இதை யாருக்கும் விற்க மாட்டேன். ஆனால் இப்போது உங்களிடமும் கொடுக்க முடியாது. நீங்கள் போலீஸில் ரிப்போர்ட் செய்திருந்தால் நகலைக் கொண்டு வாருங்கள், இரண்டு பேருமே பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போய்ப் பேசுவோம்." குரலை உயர்த்தத் தேவையில்லை. பொருளை இழந்தவரின் கோபம் நியாயமானதாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அவர் சொல்வது உண்மைதானா என்று பார்க்க, விற்பனைக்காக நீங்கள் போட்ட படத்தில் காட்டாத விவரங்களைக் கேட்க வேண்டும். நீங்களே எண்ணைப் படித்துக் காட்டிவிட்டு "இதுதானா?" என்று கேட்டால் யாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். கைப்பேசியாக இருந்தால் *#06# என்று அழுத்தியதும் வரும் 15 இலக்க எண்ணை அவருடைய பெட்டியிலோ ரசீதிலோ உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். புல் வெட்டும் மெஷினிலும் மரம் அறுக்கும் மெஷினிலும் வரிசை எண் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடம் அரம் போட்டுத் தேய்க்கப்பட்டு மற்ற இடங்களைவிடப் பளபளப்பாக இருந்தால், பெட்ரோல் தொட்டியின் புதுச் சாயத்துக்கு அடியில் பழைய எழுத்தோ தோட்டத்தின் எண்ணோ மேடாகத் தட்டுப்பட்டால், அதுவே உங்களை எச்சரிக்க வேண்டிய அடையாளம். மோட்டார் சைக்கிள் என்றால் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கெரானில் (வாகனப் பதிவு ஆவணத்தில்) உள்ளவற்றோடு ஒப்பிட்டால் போதும். ரிப்போர்ட்டில் பொருள் எப்படி விவரிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். "ஆரஞ்சு நிற மெஷின்" என்று மட்டும் இருந்தால் ஊரில் பாதி வீட்டு மெஷின்களுக்கு அது பொருந்தும்.

இந்த இடத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் "நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம், போலீஸ் எதற்கு?" என்பார். நல்ல மனத்தோடுதான் சொல்வார். வேலித் தகராறுக்கு அது சரி. திருட்டுக்கு அது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. பணம் கைமாறிப் பேச்சு முடிந்தாலும் ரிப்போர்ட் முடிந்துவிடாது, உங்கள் பெயரும் துலங்கிவிடாது. "ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடு, போலீஸுக்குப் போகமாட்டேன்" என்று ஒருவர் கேட்டால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அது மிரட்டிப் பணம் பறிப்பதாக இருக்கலாம்.

பாலாய்க்குப் போகும்போது நீங்களே முதலில் போய் ரிப்போர்ட் செய்வது நல்லது. எந்த பாலாயிலும் செய்யலாம். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள், பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள், இன்று யார் வந்து என்ன சொன்னார் என்பதை வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். வாட்ஸ்ஆப் உரையாடல்களும் வங்கிப் பரிமாற்றப் பதிவும் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளி யாரோதான் திருடியிருப்பார் என்று ஊகத்தில் கைகாட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது ஒரு மனிதரின் வாழ்க்கையைக் குலைத்துவிடும். விற்றவர் உங்கள் மாமன் மகனே என்றாலும் அவர் பெயரை மறைக்காதீர்கள். மறைத்தால் பழி உங்கள் தலையில்தான் நிற்கும்.

விசாரணை அதிகாரி உங்களிடம் வாக்குமூலம் பெறலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவின்படி, நீங்கள் எந்த மொழியில் சொன்னீர்களோ அந்த மொழியிலேயே அதை உங்களுக்குப் படித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்பளித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் பேசியவர், மலாயில் எழுதியதைப் புரியாமலே தலையாட்டிக் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை. மொழிபெயர்த்துச் சொல்லும்படி பணிவாகக் கேளுங்கள். உங்கள்மேல் குற்றச்சாட்டைக் கொண்டுவரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. கைது என்ற நிலை வந்தால் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதி இடமளிக்கிறது. வசதியில்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையை நாடலாம்.

பொருளைப் போலீஸ் எடுத்துக்கொண்டால், வரிசை எண்ணோடு கூடிய ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் அது யாரிடம் சேர வேண்டும் என்பதை மாஜிஸ்திரேட் முடிவு செய்வார். திருட்டு உறுதியானால் பொருள் பொதுவாக உரியவருக்கே போகும். ஏனெனில் 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, தனக்குச் சொந்தமில்லாததை விற்றவரிடமிருந்து நீங்கள் அவரைவிட மேலான உரிமையைப் பெற முடியாது. நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு இது கசப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் உங்கள் பணம் போனது போனதுதான் என்று விட்டுவிட வேண்டியதில்லை. விற்க உரிமை உள்ளவர் என்பதை ஒவ்வொரு விற்பனையாளரும் உறுதியளித்ததாகவே அதே சட்டம் கொள்கிறது. உங்களுக்கு விற்றவர் கடைக்காரர் என்றால் 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரலாம். தனியாள் என்றால் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம். இதே பொறுப்பு உங்களுக்கும் உண்டு: நீங்கள் ஏற்கெனவே விற்றுவிட்ட பொருளை ஒருவரிடமிருந்து போலீஸ் எடுத்துக்கொண்டால், அவருடைய பணத்தை நீங்கள்தான் திருப்பித் தர வேண்டும். நீதிமன்றத்தில் கோர வேண்டுமானால் எதிராளியின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டும். எனவே அடுத்த முறை பழைய பொருள் வாங்கும்போது, விற்பவரின் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள பெயர், முகவரி, பொருளின் வரிசை எண், விலை, தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.