சாஃப்ட்ஷெல்லா, ஹார்ட்ஷெல்லா? குல்மார்க் கிளம்பும் முன் ஜாக்கெட் தேர்ந்தெடுப்பது எப்படி

பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள முதல் தடவையாக காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறீர்கள், ஒரு ஜாக்கெட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஹார்ட்ஷெல்லை, அதாவது தண்ணீர் புகாத மேல் ஜாக்கெட்டை எடுங்கள். வாடகைக்கு எடுத்தாலும் அதையே கேளுங்கள்.

படி 1: எவ்வளவு நேரம் பனியில் கிடப்பீர்கள் என்று யோசியுங்கள். புதிதாகக் கற்பவர் விழுவார், எழுவார், திரும்ப விழுவார், நடுவில் பனியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அப்போது உடல் சூட்டில் பனி உருகும், உடம்பின் எடை அந்தத் தண்ணீரைத் துணிக்குள் அழுத்தும். காற்றோடும், இழுத்தால் நீளும் துணியாலான சாஃப்ட்ஷெல் ஜாக்கெட் லேசான தூறலையும் மேலே விழும் பனித்தூளையும் சமாளிக்கும், இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஹார்ட்ஷெல்லுக்குள் கோர்-டெக்ஸ் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. தண்ணீர் உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியேறும். பேன்ட்டுக்கும் இதே கணக்குதான், சொல்லப்போனால் அதிகம் நனைவது அதுதான்.

படி 2: எப்படி மேலே போவீர்கள்? கொண்டோலா எனும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும், அங்கே அடிக்கும் காற்றுக்கும் ஹார்ட்ஷெல்தான் நல்லது. சறுக்குப் பலகையோடு கால்நடையாகவே மலையேறுபவர்களுக்கு வியர்வை கொட்டும். வெயில் அடிக்கும் வறண்ட நாளில் அவர்களுக்கு, நன்றாகக் காற்றோடும், இழுத்தால் நீளும் சாஃப்ட்ஷெல் எவ்வளவோ சுகம்.

படி 3: லேபிளைப் படியுங்கள். 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால், அவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை துணி கசியாது என்று பொருள். அதற்குக் கீழே வேண்டாம். ஈரப்பனியில் நாள் முழுக்க இருப்பீர்கள் என்றால் 20,000 பாருங்கள். அப்புறம் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி, எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் தண்ணீர் ஊசித் துளை வழியாகத்தான் முதலில் நுழையும். அக்குளில் ஜிப், ஹெல்மெட் மேல் ஏறும் ஹூடு, இடுப்பில் பனி புகாத பட்டை, இந்த மூன்றும் இருந்தால் நல்லது.

படி 4: உள்ளே ஃபிளீஸ் (கதகதப்பான, மென்மையான செயற்கை இழைச் சட்டை) போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். பஞ்சு வைக்காத ஹார்ட்ஷெல் தனியாகக் குளிரைத் தாங்காது. உடம்போடு ஒட்டும் முதல் உடை மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி பனியன் கூடவே கூடாது, நனைந்தால் லேசில் காயாமல் உடம்பைக் குளிரவைத்துவிடும்.

படி 5: துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் ஊற ஆரம்பித்தால், லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். அப்போதும் ஊறினால் நீர்விலக்கி ஸ்ப்ரே அடிக்க வேண்டும்.