குடிக்கிற வீட்டைப் பத்தி பசங்களுக்கு நாவல் எழுதுறீங்களா? இதெல்லாம் வேணாம்

மிடில் கிரேட்னா 8ல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பசங்க படிக்கிறது. புதுசா எழுதுறவங்க அனுப்புற டிராஃப்டைப் படிச்சுக் கருத்து சொல்றது என் வேலை, இந்த சப்ஜெக்ட்ல மட்டும் ஆளு மாறினாலும் தப்பு மாற மாட்டேங்குது. எழுத்துப்பிழை, நீளம்லாம் விடுங்க, எடிட்டர் பாத்துக்குவாங்க.

பிள்ளை அழுததும் அப்பா திருந்துறது

இதைப் பாத்தா இன்னும் எரிச்சல் வருது. கடைசி அத்தியாயத்துல பொண்ணு ஒரு லெட்டர் எழுதும், அப்பா படிச்சுட்டு குலுங்கிக் குலுங்கி அழுவாரு, பாட்டில் மொத்தத்தையும் சிங்க்ல கொட்டுவாரு, மறுநாள் பளிச்னு எந்திரிச்சு வருவாரு. இந்த சீனைத் தூக்குங்கன்னு ஒருத்தர்கிட்ட சொன்னேன், "பசங்களுக்கு நம்பிக்கை குடுக்க வேணாமா"ன்னு கேட்டாரு. எந்தப் பசங்களுக்கு? படிக்கிற பிள்ளையோட அப்பாவும் குடிக்கிறவரா இருந்தா, அதுவும் அழுதிருக்கும், கெஞ்சியிருக்கும், பாட்டிலை ஒளிச்சு வெச்சு அடியும் வாங்கியிருக்கும், ஒண்ணும் மாறியிருக்காது, இப்ப உங்க கதையைப் படிச்சா அப்ப நான்தான் சரியா கேக்கலன்னு முடிவு பண்ணிக்கும். குடிக்கிறவங்க குடும்பத்துக்காக 1951ல ஆரம்பிச்ச அல்-அனான்ல திரும்பத் திரும்ப சொல்றதே இதுக்கு நேரெதிர்: இது என்னால வரல, என்னால கட்டுப்படுத்த முடியாது, என்னால குணப்படுத்தவும் முடியாது.

அந்த சிங்க் சீன் வேற ஆபத்து. வருஷக்கணக்கா தினமும் நிறையக் குடிச்சவர் பட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம், டாக்டர் மேற்பார்வை கண்டிப்பா வேணும். சிகிச்சைக்கு அப்புறமும் திரும்ப ஆரம்பிக்கிறது சகஜம், போதைப் பழக்கத்தை ஆராயுற அமெரிக்க அரசு நிறுவனமான நிடா 40ல இருந்து 60 சதவீதம்னு சொல்லுது. அதனால அப்பா எங்க நிக்கிறாருங்கறதுல கதையை முடிக்காதீங்க. அந்தப் பொண்ணு இவ்ளோ நாள் மூடி வெச்சதை ஒரு பெரியவங்ககிட்ட வாய் திறந்து சொல்லிச்சுன்னா, அதுவே போதுமான முடிவு.

ஃப்ரெண்டை வில்லியாக்குறது

இதுல நிறைய பேரு ரெண்டு கதையைத் தனித்தனி ட்ராக்கா ஓட்டுறாங்க, வீடு ஒரு பக்கம், ஸ்கூல் ஒரு பக்கம். ரெண்டும் ஒண்ணுதாங்க. வீட்டுக்கு வர்றேன்னு ஃப்ரெண்ட் சொன்னா இவ ஏதாச்சும் பொய் சொல்லித் தட்டிக் கழிப்பா, பிளான் போட்டுட்டு கடைசி நிமிஷத்துல வர மாட்டா, காரணமும் சொல்ல மாட்டா. அந்த ஃப்ரெண்ட் பக்கம் இருந்து பாத்தா கழட்டி விடப்பட்டது அவதான். அவ வேற கும்பலோட போய் உக்காந்தா அது துரோகமா என்ன?

அப்பாவை அரக்கனாக்குறது

குடிக்காத நாள்ல அவரு நல்லா சிரிக்க வைக்கணும். இல்லேன்னா இழக்கறதுக்கு என்ன இருக்கு?

11 வயசுக்கு சைக்காலஜிஸ்ட் மூளை

"அப்பா உண்மையை ஏத்துக்க மறுக்குறாரு"ன்னு எந்தப் பிள்ளையும் யோசிக்காது. பூட்டுல சாவி எத்தனை தடவை தடுமாறுதுன்னு எண்ணும்.

மனநல கவுன்சிலரோட ரெண்டு பக்க லெக்சர்

வெட்டுங்க.