குடிக்காதவர் மேல் குடிபோதை கேஸா? அபராதம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

ராத்திரி பதினோரு மணிக்கு அவிநாசி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறார்கள். ஊதினால் மெஷின் 48 என்று காட்டுகிறது; சட்ட வரம்பு 30. நீங்களோ ஒரு சொட்டு மதுவும் தொடவில்லை. "ஃபைனைக் கட்டிப்போட்டுப் போயிருங்க, பத்தாயிரத்தோட முடிஞ்சுது" என்று பக்கத்திலேயே நாலு பேர் புத்தி சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது பத்தாயிரத்தோடு முடிகிற சங்கதி இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவில் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 15,000, அல்லது 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்போடு 20(2)-ஆவது பிரிவின்படி குறைந்தது 6 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் சேர்ந்து வரும். திருப்பூரில் கம்பெனி வேன் ஓட்டுகிறவருக்கும், சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவருக்கும் ஆறு மாதம் ஸ்டியரிங் இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இது குடிக்காமல் மாட்டியவர்களுக்கு மட்டும். குடித்துவிட்டு ஓட்டியவருக்குத் தப்பும் வழி இதில் கிடையாது.

படி 1: ரோட்டில், முதல் பதினைந்து நிமிடம்

ஊத மறுக்காதீர்கள். மறுத்தால் 203-ஆவது பிரிவின்படி வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தது 205-ஆவது பிரிவின்படி உங்களுக்கு எதிரான சான்றாகவும் நிற்கும். ஊதுங்கள், ஆனால் மூன்றைக் கவனித்துவிட்டு ஊதுங்கள்.

ஒன்று, ஊதுகுழல். உறையைப் பிரித்துப் புதிதாக மாட்டுகிறார்களா? குழலே இல்லாமல் முகத்துக்கு நேராக நீட்டி ஊதச் சொல்வது மோப்பம் பிடிக்கும் முறை. ஆள் மேல் சந்தேகப்பட அது போதும், அளவு சொல்ல அது ஆகாது. குடித்த கூட்டாளிகள் நாலு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிற குடிக்காத டிரைவர் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். காருக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்தே மெஷின் இழுக்கிறது. கீழே இறங்கி, காரை விட்டுத் தள்ளி நின்று, புதுக் குழலில் ஊதுகிறேன் என்று கேளுங்கள்.

இரண்டு, நீங்கள் ஊதும் முன் மெஷின் காட்டும் எண். வெறுங்காற்றுக்கு அது பூஜ்யம் காட்ட வேண்டும். முன்னால் ஊதியவரின் மிச்சம் உள்ளே இருந்தால் காட்டாது.

மூன்று, அலகு. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சில மெஷின் இதை 30 என்றும், சில 0.030 என்றும் காட்டும். மூச்சுக் காற்றில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் மெஷினில் இதே வரம்பு ஏறக்குறைய 0.15.

எண் வரம்பைத் தாண்டிவிட்டால் குரலை உயர்த்தாமல் இதைக் கேளுங்கள்: "சார், நான் குடிக்கலைங்க. பதினஞ்சு நிமிசம் கழிச்சு இன்னொருக்கா ஊதறேனுங்க." ஒன்றோ அதற்கு மேலோ மாதிரி கேட்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. இந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் காரணம் உண்டு. வாய் கொப்பளிக்கும் திரவம், ஹோமியோபதி சொட்டு மருந்து, அரிஷ்டம், புளித்த தெளுவு (பதநீர்) இவற்றில் உள்ள ஆல்கஹால் சிறிது நேரம் வாயிலேயே நிற்கும். அந்த நேரத்தில் ஊதினால் 60, 80 என்று எகிறும். பதினைந்து நிமிடத்தில் அது போய்விடும். நிஜமாகவே ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம்தான் குறையும், அதாவது கால் மணியில் ஐந்துக்கு மேல் இறங்காது. முதலில் 60 காட்டி, பதினைந்து நிமிடம் கழித்து 0 காட்டினால் அது வாயில் நின்ற ஆல்கஹால் என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

கணக்காகவும் பார்க்கலாம். நூற்றுக்குப் பத்து பங்கு ஆல்கஹால் உள்ள அரிஷ்டம் 30 மில்லி குடித்தால் உள்ளே போவது 3 மில்லி, எடையில் சுமார் 2.4 கிராம். 70 கிலோ ஆளுக்கு அது ரத்தத்தில் 5 மில்லிகிராமை ஒட்டித்தான் நிற்கும். 30-க்குப் பக்கத்தில்கூட வராது.

மெஷினில் வரும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் போட்டோவாவது எடுங்கள். அதில் மெஷின் வரிசை எண், சோதனை எண், தேதி, மணி இருக்கும். வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் பர்ஸில் வைத்தால் சில மாதங்களில் வெள்ளையாகிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள்.

வீடியோ எடுப்பதானால் போனில் இருக்கும் சாதாரண கேமராவில், நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக எடுங்கள். படத்தின் மேல் இடமும் மணியும் எழுதித் தரும் செயலிகள் எனக்குப் பிடிக்காது. அந்த எழுத்தை யாரும் மாற்றலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். அந்தப் போனை விற்றுவிடாதீர்கள். கோர்ட்டில் வீடியோவைக் கொடுக்கப் பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்று வேண்டும், அதற்கு மூலக் கோப்பு கையில் இருப்பது நல்லது.

படி 2: இரண்டு மணி நேரம்

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

185-க்காகக் கைது செய்தால், இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். செய்யாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு. ஸ்டேஷனில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 203. ரத்த மாதிரி எடுப்பது 204. பெண்ணாக இருந்தால் பெண் மருத்துவர்தான் எடுக்க வேண்டும், அல்லது ஒரு பெண் உடனிருக்க வேண்டும்.

நடப்பில் என்ன ஆகிறதென்றால் கைதே காட்டுவதில்லை. சலானைப் போட்டு, வண்டியை நிறுத்தி, "நாளைக்கு வாப்பா" என்று அனுப்பிவிடுகிறார்கள். பரிசோதனை நடக்காது. குடிக்கவில்லை என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி உங்கள் ரத்தம், அது விடிவதற்குள் பயனற்றுப் போகும். "விட்டாங்களே, போதும்" என்று வீட்டுக்குப் போகாதீர்கள். "ரத்தப் பரிசோதனைக்கு ஜி.ஹெச்.சுக்கு அனுப்புங்க சார், மெமோ போடுங்க" என்று அங்கேயே கேளுங்கள். மறுத்தால் 112-க்கு அழைத்து அதையே சொல்லுங்கள். அழைத்த மணி பதிவாகிவிடும்.

அடுத்து நேராக அரசு மருத்துவமனை. கோவையோ ஈரோடோ திருப்பூரோ, எங்கானாலும் டூட்டி டாக்டர் முதலில் கேட்பது போலீஸ் மெமோ. மெமோ இல்லாமல் குடிபோதைச் சான்று தர மாட்டார்கள். வாதாடிப் பயனில்லை. ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள், அதில் விழும் தேதியும் மணியும் உங்களுக்கு வேண்டும். அடுத்து, ராத்திரியில் திறந்திருக்கும் அங்கீகாரம் பெற்ற தனியார் லேபில் ரத்தத்தில் எத்தனால் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஆதாரைக் காட்டி, மாதிரி எடுத்த மணியை ரிப்போர்ட்டில் போடச் சொல்லுங்கள். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க விடக்கூடாது, ஏனென்றால் ஸ்பிரிட்டே ஆல்கஹால்தான். சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள சோடியம் ஃப்ளூரைடு ரத்தம் புளித்து ஆல்கஹால் உண்டாவதைத் தடுக்கும்.

தனியார் ரிப்போர்ட்டுக்கு அரசு ரிப்போர்ட் அளவு மதிப்புக் கிடைக்காது, லேபில் எடுத்தவரைச் சாட்சியாக அழைக்க வேண்டி வரலாம். தாமதமாக எடுத்தால் "அதற்குள் குறைந்துவிட்டது" என்று அரசுத் தரப்பு சொல்லும். ஒரு மணி நேரத்தில் எடுத்து பூஜ்யம் வந்தால் அந்த வாதம் நிற்காது; 48-இலிருந்து ஒரு மணியில் பூஜ்யத்துக்கு யாருக்கும் இறங்காது.

படி 3: மறுநாள் முதல் ஒரு வாரம்

வண்டி. 207-ஆவது பிரிவில் வண்டியைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கும் காரணங்களில் 185 இல்லை. 202(3)-இல் இருப்பது வண்டியைத் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தும் ஏற்பாடு மட்டும். லைசென்ஸ் உள்ள, குடிக்காத உறவினரை ஆர்.சி., இன்சூரன்ஸோடு அனுப்பி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503-இன் கீழ் மனு. வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது.

லைசென்ஸை வாங்கிக்கொண்டால் 206(4)-இன்படி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஆனால் லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும் வரை அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தால் கோர்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் எழுத்தில் பதில் கொடுங்கள், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கேளுங்கள். தகுதியிழப்பு உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

கேமரா. ஸ்டேஷனுக்கு உங்களைக் கூட்டிப்போயிருந்தால் அங்குள்ள கேமராப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லிப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அவற்றை 18 மாதம், வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ரோட்டோரப் பேக்கரி, பெட்ரோல் பங்க் கேமராவுக்கு அந்தக் காலக்கெடு இல்லை, பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். அங்கே மறுநாள் காலையிலேயே போங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, காவல்துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. சீட்டில் உள்ள வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, அந்த மெஷினின் அளவுத் திருத்தச் சான்று நகல், கடைசியாகத் திருத்திய தேதி, அன்றிரவு அது பதிந்த எல்லாச் சோதனைகளின் எண்ணும் நேரமும் (மற்றவர் பெயர் வேண்டாம்) கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். சோதனை எண் வரிசையில் இரண்டு பேருக்கு ஒரே சீட்டு போட்டிருப்பதும், மெஷின் கடிகாரம் தப்பாக ஓடியிருப்பதும் இந்தப் பட்டியலில்தான் வெளியே வரும்.

படி 4: கோர்ட்டில் முதல் நாள்

185 சமரசம் செய்துகொள்ளும் குற்றப் பட்டியலில் இல்லை. ரோட்டில் பணம் வாங்கி முடிக்கப் போலீஸுக்கு அதிகாரம் கிடையாது, மாஜிஸ்திரேட்டிடம்தான் வர வேண்டும்.

ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் பெட்டி கேஸ் எடுக்கும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெயரைக் கூப்பிடக் கூப்பிடப் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்பார்கள். "ஒத்துக்கறீங்களா?" என்று கேள்வி வரும். முன்னால் நிற்பவர் தலையாட்டுவார், அடுத்தவர் ஆட்டுவார், உங்கள் தலையும் ஆடிவிடும். அவ்வளவுதான். ஒத்துக்கொண்டு பெற்ற தண்டனைக்குப் பி.என்.எஸ்.எஸ். 416-இன்படி மேல்முறையீடே கிடையாது, தண்டனையின் அளவு, சட்டப்படியான தன்மை தவிர. "குடிக்கவே இல்லீங்க" என்று பிறகு சொல்லி அழுதாலும் கேட்க ஆளில்லை.

சொல்ல வேண்டியது இது மட்டும்: "குற்றம் செய்யவில்லை ஐயா. வழக்கை நடத்துகிறேன். ஆவண நகல்கள் வேண்டும்." மாஜிஸ்திரேட் பெண்ணாக இருந்தால் அம்மா. அதற்கு மேல் கதை சொல்ல வேண்டாம். "கொஞ்சமா மருந்துதான் சாப்பிட்டேன்" என்று நீங்கள் தொடங்கினால் அதுவே ஒப்புதலாகப் பதிவாகும் ஆபத்து உண்டு. நகல்கள் இலவசம், ஆஜரான 14 நாளுக்குள் தர வேண்டும்.

வக்கீல் விஷயத்தில் என் எண்ணம்: கோவையில் பெரிய பெயர் எடுத்தவரைத் தேடி அலைவதைவிட, உங்கள் கேஸ் நடக்கும் அதே கோர்ட்டுக்கு, தாராபுரமோ கோபியோ பொள்ளாச்சியோ, தினமும் போகிறவரைப் பிடியுங்கள். வாய்தா தவறாது. பணம் கட்ட முடியாதவர்கள் சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் கிடைக்கும்.

படி 5: குறுக்கு விசாரணை

அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது மூன்று: நீங்கள் ஓட்டினீர்கள் அல்லது ஓட்ட முயன்றீர்கள், அந்த நேரத்தில் 30-க்கு மேல் இருந்தது, அளந்த மெஷின் மத்திய அரசு அறிவிக்கையில் ஒப்புதல் பெற்ற வகை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவரையும், நிறுத்திய காரில் தூங்கியவரையும் பிடித்த கேஸ் முதலாவதிலேயே தடுமாறும்.

உங்கள் வக்கீலிடம் இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுங்கள். நிறுத்திய மணி என்ன, ஊதிய மணி என்ன? இடையில் எத்தனை நிமிடம் கவனித்தீர்கள்? வெறுங்காற்று எண் எவ்வளவு, அது எங்கே பதிவாகியிருக்கிறது? சான்றில் உள்ள வரிசை எண்ணும் சீட்டில் உள்ளதும் ஒன்றா? இரண்டாம் முறை கேட்டாரா, ஏன் தரவில்லை? ரத்தப் பரிசோதனைக்கு ஏன் அனுப்பவில்லை?

எண்ணே இல்லாமல் "வாயில் மது வாடை, கண் சிவப்பு, தள்ளாட்டம்" என்று மட்டும் எழுதியிருந்தால் 1971-இல் உச்ச நீதிமன்றம் முடித்த பச்சுபாய் எதிர் மகாராஷ்டிரா வழக்கைக் காட்டச் சொல்லுங்கள். ரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்காமல் வாடையையும் நடையையும் வைத்துப் போதை என்று முடிவு கட்ட முடியாது என்றது அந்தத் தீர்ப்பு.

தண்டனை வந்தால் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

சர்க்கரை நோய் இருந்தால் மெஷின் தப்பாகக் காட்டுமா? மூச்சில் வரும் அசிட்டோனை விலை குறைந்த குறைகடத்தி சென்சார் ஆல்கஹால் என்று எடுத்துக்கொள்ளலாம். ஃப்யூயல் செல் மெஷின் பெரும்பாலும் ஏமாறாது. எது என்று சான்று நகலில் பாருங்கள்.

சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது, ஆன்லைனில் பணம் கட்டும் பொத்தான் கண்முன் நிற்கிறது, என்ன செய்ய? கட்டினால் ஒத்துக்கொண்டதாகும். எதிர்த்து நடத்துகிறேன் என்ற தேர்வை அழுத்துங்கள், கேஸ் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும். அதன்பின் இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் அடையாள எண்) போட்டு வாய்தாவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சம்மன் பழைய வீட்டு முகவரிக்குப் போய், பிடிவாரண்ட் ஆகும் வரை தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

ஒரு வருடமாகியும் கோர்ட்டில் எதுவும் தாக்கல் ஆகவில்லையா? ஓராண்டு வரை சிறை உள்ள குற்றத்துக்குக் கால வரம்பு ஒரு வருடம், பி.என்.எஸ்.எஸ். 514. முதல் தடவை 185 அதில் அடங்கும்.

வழக்கையே ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகலாமா? பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் போகலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், நீலகிரி கேஸ்களுக்குச் சென்னை. கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும்.