‘இன்று போய் நாளை வா’: ஒரு போர் வரியின் தடம் பிடிப்பது எப்படி

தமிழ்த்தினப் போட்டிக்கோ, பட்டிமன்றத்துக்கோ, பல்கலைக்கழக ஆய்வுக்கோ ‘இலக்கிய வரி மக்கள் பேச்சுக்கு வந்த கதை’ என்று தலைப்பு எடுக்கிறவர்கள் முதலில் கை வைப்பது அநேகமாக இந்த வரியில்தான். நல்ல தேர்வு. ஆனால் பலர் கம்பன் ஒரு புள்ளி, அதே பெயரில் 1981இல் வந்த பாக்யராஜ் படம் ஒரு புள்ளி என்று குறித்து, நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுகிறார்கள். வரி வந்த வழி அவ்வளவு நேரானதல்ல. இலங்கை மலையகத்தில் அட்டன், நுவரெலியா, பதுளை, பண்டாரவளைப் பக்கம் இருந்துகொண்டு இதைத் தேடுகிறவர்களுக்கு ஏற்ற முறையைச் சொல்கிறோம். வேறு போர் வரிகளுக்கும் இது பொருந்தும்.

மூலப் பாட்டை முழுதாக எழுதிக்கொண்டு தொடங்குங்கள். கம்பராமாயணம், யுத்த காண்டம், முதற்போர் புரி படலத்தின் முடிவில் வருவது இது:

ஆள்ஐயா! உனக்கு அமைந்தன மாருதம் அறைந்த
பூளை ஆயின கண்டனை. இன்று போய், போர்க்கு
நாளை வா என நல்கினன் நாகு இளங் கமுகின்
வாளை தாவுறு கோசல நாடுடை வள்ளல்.

உன் படை காற்றடித்த பூளைப்பூவாகப் போனதைப் பார்த்தாயா, இன்று போய்ப் போருக்கு நாளை வா என்று நிராயுதனாக நின்ற இராவணனுக்கு இராமன் விடை கொடுக்கிறான். ‘போர்க்கு’ என்ற சொல்லைக் கோடிட்டு வையுங்கள். மக்கள் வாயில் இருக்கும் வரியில் அது இல்லை. அது உதிர்ந்ததால்தான் கடைக்காரரும் கந்தோர்க்காரரும் காதலியும் அந்த வரியை எடுத்தாள முடிகிறது.

பாட்டு எண்ணை மட்டும் நம்பிக் குறிக்காதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். படலத்தின் பெயரையும் பாட்டின் முதற்சொல்லையும் சேர்த்து எழுதினால் யாரும் தேடி எடுக்கலாம். இணையத்தில் தேடும்போது சந்தி காலை வாரும். பழைய பதிப்பில் ‘இன்றுபோய்ப் போர்க்கு’ என்று சேர்ந்திருக்கும், புதியதில் காற்புள்ளியோடு பிரிந்திருக்கும். முழு வரியைத் தட்டச்சு செய்தால் சினிமாச் செய்தி வந்து கொட்டும், பாட்டு வராது. மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உரைப் பதிப்பிலும் ‘பூளை’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். அரிய சொல் என்பதால் சில இடங்களில்தான் நிற்கும்.

அடுத்த வேலை, சுமந்து வந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது. சொல்லின் வடிவமே இதைக் காட்டிக்கொடுக்கும். இந்த வரிக்கு நான்கு அடையாளங்கள் உண்டு.

‘போர்க்கு’ என்ற சொல்லோடு ஒருவர் சொன்னால் அவர் பாட்டைப் படித்தவர், அல்லது கம்பன் விழா மேடையில் கேட்டவர். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகமும், பின்னர் இலங்கையில் உருவான கம்பன் கழகமும் வளர்த்த மேடை வழி அது.

‘நாளை வாராய்’ என்று யாராவது இழுத்துச் சொன்னால், அதுவும் வயதானவராக இருந்தால், கம்பனைத் தேடிப் போகவேண்டாம். 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் சி.எஸ். ஜெயராமன் பாடிய பாட்டு ‘இன்று போய் நாளை வாராய்’ என்றே தொடங்கும். அங்கே அது இராமனின் கருணையாக ஒலிக்கவில்லை. ஒரு மனிதன் என்னைப் பார்த்து இப்படிச் சொல்வதா என்ற இராவணனின் அவமானமாக ஒலிக்கிறது. ஒரே வரியில் பேசுகிறவர் மாறிவிட்டார். ஆய்வு எழுதுகிறவர்கள் தவறவிடும் கட்டம் இதுதான். எங்கள் கணிப்பில், 1981ஆம் ஆண்டுப் படத்தைவிட இதற்குக் கூடுதல் இடம் கொடுக்க வேண்டும்.

‘போய் இளைப்பாறிவிட்டு, தேரும் வில்லுமாகத் திரும்பி வா’ என்று கதையாகச் சொல்கிறவர் வால்மீகி வழியில் வருகிறார். வடமொழி யுத்த காண்டத்தின் 59ஆம் சருக்கத்தில் இருப்பது அந்த வடிவம். கோயில் பிரசங்கத்தில் கேட்டவர்களிடம் இது கிடைக்கலாம். கருத்து பழையது, வரி கம்பனுடையது. இரண்டையும் ஒரே பெட்டியில் போடவேண்டாம்.

மொட்டையாக ‘இன்று போய் நாளை வா’ என்று மட்டும் சொன்னால் வடிவத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. யார், யாரிடம், எதற்காகச் சொன்னார், கேட்டவர் என்ன பதில் சொன்னார் என்ற நான்கையும் எழுதினால்தான் வழி தெரியும். அலைக்கழிப்பு, காதல், கிண்டல் இவற்றுக்காக வந்தால் 1981இல் பாக்யராஜ் இயக்கி நடித்த நகைச்சுவைப் படத்தின் நிழல் இருக்கலாம். 2013இல் ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’ என்று அதே கதை மீண்டும் படமானதால், இளவயதுக்காரர் பழைய படத்தைப் பார்க்காமலே அதை அறிந்திருக்கவும் கூடும்.

ஆண்டு குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1981 என்பது இந்தியாவில் படம் வெளியான ஆண்டு. இலங்கையில் 1972இல் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கையில்தான் அக்காலத்தில் படங்களின் இறக்குமதி இருந்தது. அங்கே வந்த படம் இங்கே உடனே ஓடவில்லை. மலையகத் திரையரங்குக்கு அது வந்த காலத்தை அறிய வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களின் சினிமா விளம்பரப் பக்கத்தைப் புரட்டவேண்டும். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை என்பதால் 1958க்கு முந்திய பயன்பாட்டையும் அவற்றில் தேடலாம். தலையங்கம், கேலிச்சித்திரம், விளையாட்டுப் பக்கம் மூன்றையும் பார்த்தால் போதும். மழையால் நின்ற கிரிக்கெட் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்குமா? இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் உள்ளவை பெரும்பாலும் படப்பிரதிகள். பெட்டியில் வரியைத் தட்டினால் உள்ளே இருப்பது அநேகமாக அகப்படாது. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

இனித் தோட்டத்துக்குள் போவோம். பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்) நேரத்திலும் கொழுந்து நிறுக்கிற நேரத்திலும் போய் நின்றால் ஒருவரும் பேசமாட்டார்கள். ஞாயிறு பின்னேரம் நல்லது. தோட்டத் தலைவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். 1960க்கு முன் பிறந்தவர், 1960க்கும் 1985க்கும் இடையில் பிறந்தவர், அதற்குப் பின் பிறந்தவர் என்று மூன்று குழு. குழுவுக்கு எட்டுப் பேர் வைத்தால் ஒப்பிடக் கூடியதாக இருக்கும்.

வரியை நீங்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ‘இன்று போய் நாளை வா தெரியுமா அம்மா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘தெரியும் தம்பி’ என்பார்கள். உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. சூழ்நிலையைக் கொடுத்துக் கேளுங்கள்: ‘கடன் கேட்டு வந்தவரைப் பகிடியா எப்படித் திருப்பி அனுப்புவீங்க?’, ‘சண்டையில ராமர் ராவணன்கிட்ட என்ன சொன்னாராம்?’ முதற்கேள்விக்கு வரி வந்து, இரண்டாவதற்கு வராவிட்டால் அவருக்கு அது படத்தின் சொல். இரண்டாவதற்கு மட்டும் வந்தால் கதையின் சொல்.

மேற்கோளையும் வெறும் பேச்சையும் பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ‘இன்னைக்குப் போயிட்டு நாளைக்கு வா’ என்று கணக்கப்பிள்ளை சொன்னால் அது உத்தரவு, கம்பனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடன் கொப்பியில் எழுதிச் சீனி வாங்க வந்த பையனிடம் கடைக்காரர், மற்றதெல்லாம் பேச்சுத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று ‘இன்று’, ‘நாளை’ என்று மேடைத் தமிழுக்குத் தாவி, ‘வா’வைக் கொஞ்சம் நீட்டினால் அது மேற்கோள். எழுத்தில் இந்த வித்தியாசம் தொலைந்துபோகும். கைபேசியில் குரலைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் கேட்டபடியே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ‘இன்னைக்கு’ என்பதை ‘இன்று’ என்று திருத்திவிட்டால் சேகரித்த அவ்வளவும் வீண்.

கூத்தைப் பற்றி அளவுக்கு மீறி எதிர்பார்க்கவேண்டாம். மலையகத்தில் பெரிதாக ஆடப்படுபவை காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. மூன்றும் இராமாயணக் கதை அல்ல. அங்கே இந்த வரி வந்தால் பெரும்பாலும் இடையில் சிரிக்கவைக்கச் சேர்த்ததாக இருக்கும். கூத்து மாஸ்டரின் கொப்பியில் அது எழுதியிருக்கிறதா, மேடையில் மட்டும் வந்ததா என்று பார்த்துக் குறியுங்கள். சீதாஎலிய சீதையம்மன் கோயில் பக்கம் பயண வழிகாட்டிகள் சொல்வதையும் தனிப் பக்கத்தில் வையுங்கள். வெளியூர்ப் பயணிகளுக்குச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையை ஊர் வழக்கோடு கலக்கக்கூடாது.

பொய்த் தடங்கள் மூன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்ற கடைப் பலகை ஒன்று. ஓசை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். கம்பனிலிருந்து வந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டும். பேய் வராமலிருக்க வாசற்கதவில் ‘இன்று போய் நாளை வா’ என்று எழுதுவது இரண்டாவது. கன்னட நாட்டிலும் ‘நாளே பா’ என்று எழுதும் வழக்கம் உண்டு. கம்பனைப் படிக்காத ஊரிலும் இருக்கிற நம்பிக்கையைக் கம்பன் தலையில் கட்டமுடியாது.

மூன்றாவதுதான் மேடைகளில் அதிகம் மானத்தை வாங்குவது. ‘கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்’ என்று கம்பன் பாடினான் என்பார்கள். கம்பராமாயணத்தில் அந்த வரி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையில் உள்ளது அது. அங்கே ‘கடன் கொண்டார் நெஞ்சம்’ என்றிருக்கும். போர்க்களத்தில் இராமபாணம் பட்ட இராவணனுக்குச் சொன்ன உவமை. இதற்கும் கம்பன் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு, கதையும் ஆளும் ஒன்றாக இருப்பதே போதும். நுண்கடன் தவணைக்கு வாராவாரம் ஆள் வந்து நிற்கும் லயத்தில் இந்த வரியை யாரும் மறக்கப்போவதில்லை. சேகரிக்கும்போது பேச்சு இதற்குத் தாவும். தாவட்டும், தனி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவில் அட்டைகளை வயதுப்படி அடுக்காமல், மேலே சொன்ன நான்கு அடையாளப்படி அடுக்குங்கள். வயது பிறகு தானாகத் தெரியவரும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே அம்புக்குறி போட வேண்டுமானால், முன்னதைப் பின்னவர் எங்கே கேட்டிருக்க முடியும் என்பதற்கு ஒரு மேடை, ஒரு படம், ஒரு பாட்டு, ஓர் ஆள் என்று எதையாவது பெயர் சொல்லிக் காட்டமுடிய வேண்டும். முடியாத இடத்தில் புள்ளிக்கோடு போட்டுக் கேள்விக்குறி வையுங்கள்.